அப்பாவுக்கு வியட்நாம் பிடிக்குமா?

பின்னால் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ராயபுரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. வீட்டில் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். தங்கை வியட்நாம் என்கிறாள். அப்பாவோ, "சண்டை நடந்த ஊர்ல என்ன இருக்கு? அந்தக் காசுக்கு சிங்கப்பூரப் பாத்துட்டு வந்துடலாம்" என்கிறார். பண்பாடு, சாப்பாடு, இயற்கை என்று எல்லாரும் ஒப்பிக்கிறார்களே, நிஜமாகவே அங்கே போக என்னதான் காரணம் என்று கேட்கிறார். எனக்கு என்னவோ இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. ரீல்ஸில் இருபத்தைந்து வயதுக்காரர்கள் குதித்துக்கொண்டு காட்டுகிற ஊர், மூட்டுவலியும் சோறு இல்லாமல் முடியாத வயிறும் உள்ள அறுபதுகளுக்கு ஒத்துவருமா? நான் பதில் சொல்லப்போவது இதற்குத்தான்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். 16 வருஷமாகச் சுற்றுலாக் குழு கூட்டிப்போவதுதான் பிழைப்பு. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர்க் குடும்பங்கள்தான் அதிகம். வியட்நாமுக்கு 11 முறை போயிருக்கிறேன். இதில் சம்பாதிக்கிற ஆள் என்பதால் நான் புகழ்கிற இடத்தில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள். வரலாறு பற்றிச் சொல்வதெல்லாம் வேலைக்காகப் படித்துத் தெரிந்துகொண்டது, நான் ஆராய்ச்சியாளன் இல்லை. அப்பாவுடைய முழங்காலைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் சாப்பாடு. நம் ஆட்கள் ஊர் திரும்பித் திட்டுவதும் புகழ்வதும் அதை வைத்துத்தான். பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் நின்றுகொண்டு அத்தோ சாப்பிட்டிருப்பீர்கள். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயம் தூவி, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் வைப்பார்களே. அந்தப் பழக்கம் உள்ளவருக்கு ஹனோய் தெருவில் பாதிக் கூச்சம் போய்விடும். அத்தோ பர்மாக்காரர்களுடையது, வியட்நாம் ருசி வேறு. காரம் இல்லை, எண்ணெயும் குறைவு. ஒத்துப்போவது சாப்பிடுகிற விதம்தான். நடைபாதையில் முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல், நடுவில் ஒரு அண்டா, ஒரு கடைக்கு ஒரே பண்டம், அதையே முப்பது வருஷமாகச் செய்கிற ஒரு அம்மா. மேசையில் ஒரு தட்டு நிறையப் பச்சிலை வைப்பார்கள். புதினா, கொத்தமல்லி, துளசி மணக்கிற ஒரு இலை, எலுமிச்சைத் துண்டு, தனியாக மிளகாய். காரத்தை நாமே போட்டுக்கொள்ளலாம். என் குழுவில் ஒரு பெரியவர் அந்த மிளகாயைக் கிண்ணம் கிண்ணமாகக் காலி செய்ததைப் பார்த்துக் கடைக்கார அம்மா உள்ளே போய் வீட்டாரைக் கூப்பிட்டு வந்து காட்டினார்.

ஃபோ என்கிற சூப் நூடுல்ஸில் மாட்டெலும்பு வேகவைத்ததுதான் அதிகம். வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடமாட்டீர்கள் என்றால் 'ஃபோ கா' என்று கேளுங்கள், 'கா' என்றால் கோழி. பன்றி எங்கேயும் இருக்கும், ஆகவே கேட்காமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம். அம்மா வெள்ளி, செவ்வாய் கவிச்சி தொடமாட்டார் என்றால் 'ச்சாய்' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லுங்கள். நம் டீ இல்லை, அங்கே அதற்குச் சைவம் என்று அர்த்தம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவமாக இருக்கிற பௌத்தர்கள் அங்கே நிறைய. அந்தச் சொல் எழுதிய பலகை வைத்த கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. சாதாரணக் கடையில் "வெறும் காய்தானே" என்று கீரைப் பொரியல் வாங்கினால் ஏமாந்துபோவீர்கள், அதில் மீன் சாறு ஊற்றியிருக்கும். அந்த மீன் சாறு வேறொன்றுமில்லை, நம் நெத்திலிதான். ஏறக்குறைய மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு போட்டு, ஆள் உயர மரத்தொட்டியில் ஒரு வருஷம் போல ஊறவிட்டு, அடியில் வடிகிறதைப் பிடிக்கிறார்கள். ஃபூ குவாக் தீவில் எடுக்கிறதுக்குத்தான் பெயர். அந்தப் பெயரை வேறு யாரும் போட்டு விற்காதபடி 2012-லேயே ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. காசிமேட்டில் கருவாடு காய்கிற வாசனையில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொட்டிக் கொட்டகைக்குள் நுழைந்தால் முகம் சுளிக்காது. மற்ற ஊர்க் குழுக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று, பான் ஸெயோ. அரிசிமாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, சூடான சட்டியில் ஊற்றி, இறாலும் முளைகட்டிய பயறும் போட்டு மடித்துக் கொடுப்பார்கள். மாவு விழுந்ததும் எழுகிற சத்தம்தான் அதன் பெயரே, நாம் 'சொய்ங்' என்கிறோமே, அது மாதிரி. மஞ்சளாக இருப்பதைப் பார்த்து முட்டை என்று நினைத்து அம்மாக்கள் தள்ளிவைப்பார்கள், முட்டையே இல்லை. காபியும் வித்தியாசமானது. உலகில் பிரேசிலுக்கு அடுத்தபடியாகக் காபி விளைவிக்கிற நாடு அது, பெரும்பாலும் ரோபஸ்டா. தம்ளர் மேல் சின்ன ஃபில்டரை வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கி, கன்டென்ஸ்டு பால் ஊற்றித் தருவார்கள். சாயங்காலம் இரண்டாவது தம்ளர் வேண்டாம், ராத்திரி தூக்கம் போய்விடும். சோற்றுக்குப் பஞ்சமே இல்லை, அவர்களும் மூன்று வேளையும் அரிசிதான். ஒரு பாட்டில் ஊறுகாய் மட்டும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கோயில். எனக்கு வியட்நாம் என்றாலே மனதில் வருவது ஹாலோங் கடலில் நிற்கிற பாறை இல்லை, மீ சன். டா நாங் நகரத்திலிருந்து 70 கிலோமீட்டர் போல உள்ளே, மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் செங்கல் கோபுரங்களாக நிற்கிறது. அந்தக் காலத்தில் நடு வியட்நாமை ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் 4-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரை கட்டிக்கொண்டே இருந்த சிவன் கோயில்கள். முதலில் கட்டிய பத்ரவர்மன், லிங்கத்துக்கு பத்ரேஸ்வரன் என்று தன் பெயரையே வைத்தான். தஞ்சாவூரில் ராஜராஜேச்சரம், அதாவது பெரிய கோயில், எழும்பியது இதற்கு அறுநூறு வருஷத்துக்குப் பிறகு. 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் இருந்ததிலேயே அழகான கோபுரம் சரிந்துவிட்டது. குண்டு விழுந்த பள்ளங்களில் இப்போது புல் முளைத்திருக்கிறது, பக்கத்திலேயே நடந்து போவோம். 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அப்புறம் நம் இந்தியத் தொல்லியல் துறை போய்ச் சில கோபுரங்களைச் சீர் செய்தது. அந்த வேலையின்போதுதான் 2020 மே மாதம், ஒரே கல்லில் செய்த 9-ஆம் நூற்றாண்டு லிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தது.

இங்கே எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி வருகிற கதைக்கு அளவே இல்லை. சோழர் கட்டியது என்பது தவறு. தஞ்சைச் சோழர்கள் எழும்புவதற்கு நானூறு, ஐந்நூறு வருஷம் முன்பே அங்கே வழிபாடு நடந்திருக்கிறது. சம்பா நாட்டுக்காரர்களான சாம் மக்கள் தமிழ் பேசினார்கள் என்பதும் தவறு. அவர்கள் மொழி மலாய்க்கு உறவு, கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய சாம் மொழியிலும் இருக்கின்றன. எழுத்து இந்தியாவிலிருந்து போனது என்பதில் சண்டை இல்லை, தென்னிந்தியாவிலிருந்துதான் என்றே பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். ந்யா சாங் பக்கத்தில் கிடைத்த வோ கான் கல்வெட்டில் ஸ்ரீமாரன் என்று ஒரு பெயர் வருகிறது. அது பாண்டியரின் 'மாறன்' பட்டம் என்று ஒரு கட்சி, உள்ளூர் அரசன் பெயர் என்று இன்னொரு கட்சி, இன்றுவரை முடிவாகவில்லை. செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்தே கண்ணுக்குத் தெரியவில்லையே, எதை வைத்து ஒட்டினார்கள் என்பதற்கும் பல பதில்கள் இருக்கின்றன. மரப்பிசின் என்கிற விளக்கம் பிரபலம், எல்லாரும் ஏற்றுக்கொண்டது இல்லை. கைடு எதையாவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு, அந்தச் செங்கலை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். இடுக்கில் நகம்கூட இறங்காது.

சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரில், பென் தான் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பிழைக்கப் போன தமிழர்கள் கட்டியது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் பாண்டிச்சேரி, காரைக்கால்காரர்கள் அங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார்கள், செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். 1975-க்குப் பிறகு பெரும்பாலானவர்கள் கிளம்பிவிட்டார்கள், அம்மன் மட்டும் அங்கேயே. இப்போது கும்பிட வருகிறவர்கள் அநேகமாக வியட்நாமியர்களும் சீனர்களும்தான். கொத்தாக ஊதுபத்தி ஏந்தி நிற்பார்கள், கருவறைக்குப் பின்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து, நெற்றியைச் சாய்த்து, முணுமுணுவென்று ஏதோ சொல்வார்கள். மூன்று வருஷம் முன்பு கொருக்குப்பேட்டை அம்மா ஒருவர் என் குழுவில் வந்தார், தெருவில் ஆடிக்கூழ் ஊற்றுகிற வீடு. சுவரோடு நின்ற ஒரு பெண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் போய்ப் பக்கத்தில் கையை வைத்தார். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்த குங்குமத்தை அவிழ்த்து அந்தப் பெண் நெற்றியில் இட்டார். அவள் உடனே தன் கையிலிருந்த ஊதுபத்தியில் பாதியைப் பிரித்து இவரிடம் நீட்டினாள். பஸ்ஸில் ஏறியதும் அந்த அம்மா என்னிடம் கேட்டது, "அது என்ன கஷ்டமோ அதுக்கு, கேட்டுச் சொல்ல முடியாதா தம்பி?"

"சண்டை நடந்த ஊர்" என்று அப்பா சொல்வதற்குப் பதில்: சண்டை முடிந்தது 1975 ஏப்ரல் 30. ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. வேண்டுமானால் சைகோன் போர் அருங்காட்சியகத்தைப் பார்க்கட்டும், ஆனால் ரசாயனம் தெளித்துப் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படங்கள் அங்கே உண்டு, அம்மாவுக்குத் தாங்காமல் போகலாம். போர்க்காலத்தில் ஒளிந்து சண்டை போடத் தோண்டிய கு சி சுரங்கத்துக்குள் குனிந்து தவழ்வது முட்டிவலிக்காரருக்கு ஆகாது, வெளியே உட்கார்ந்து இளநீர் குடிக்கலாம்.

இயற்கை என்று வந்தால் எல்லாரும் ஹாலோங் என்பார்கள். கடலுக்குள் 1,600 போல சுண்ணாம்புக்கல் தீவுகள், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 2025 ஜூலையில் திடீர்ச் சூறைக்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் புயல் வருகிற காலம். கடல் எப்படி மாறும் என்று உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்தில் படகை விடவில்லை என்று சொன்னால் சண்டை போடாமல் திரும்பிவிடுங்கள். வயதானவர்களோடு போனால் என் ஓட்டு நின் பின்னுக்குத்தான். ஹனோயிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் போல ஆகும். அங்கே சாங் ஆன் என்ற இடத்தில் அதே மாதிரிப் பாறைகள், கடலுக்குப் பதிலாக ஆறு. ஒரு அம்மா துடுப்புப் போட, படகில் உட்கார்ந்தபடியே குகைக்கு உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரலாம். மூன்று மணி நேரம் காலுக்கு வேலையே இல்லை, தலையை மட்டும் குனிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் தாம் கோக் போனால் சாய்ந்து உட்கார்ந்து காலாலேயே துடுப்புப் போடுவார்கள். உலகத்திலேயே பெரியது என்கிற சன் தூங் குகையும் அந்த நாட்டில்தான், ஆனால் அது நாலு நாள் காட்டில் நடக்கிற சமாச்சாரம், செலவும் லட்சக்கணக்கில். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை.

எப்போது போவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று, அங்கே நடுப்பகுதியில் மோதி அதே அக்டோபர், நவம்பரில் வெளுத்து வாங்கும். விளக்குத் தோரணம் தொங்குகிற ஹோய் ஆன் பழைய ஊர் அப்போது அடிக்கடி தண்ணீரில் நிற்கும். தீபாவளி லீவுக்கு டா நாங் டிக்கெட் போட்டுவிட்டு, "இங்கேயும் வியாசர்பாடி சப்வே மாதிரியே இருக்கே" என்று போன் செய்தவர்கள் உண்டு. அதே சமயத்தில் தெற்கே மழை குறைந்துகொண்டு வரும், டிசம்பர், ஜனவரியில் வடக்கே ஸ்வெட்டர் போடுகிற குளிர். நீளமான நாடு, ஒரே வானிலை கிடையாது. எல்லாப் பக்கமும் ஓரளவு ஒத்துவருவது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை. அவர்களுடைய புத்தாண்டான தெத் வருகிற வாரத்தை மட்டும் தவிருங்கள், பாதிக் கடை மூடியிருக்கும். வடக்கு, நடு, தெற்கு மூன்றையும் ஏழு நாளில் அடைக்கிற பேக்கேஜை வாங்காதீர்கள். முதல் தடவைக்கு ஹனோய், நின் பின், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் டா நாங், ஹோய் ஆன், மீ சன். எட்டு நாள் போதும். அம்மனைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சைகோனுக்கு இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். டா நாங் பக்கத்து மலையில் ராட்சசக் கைகள் தாங்குகிற தங்கப் பாலத்தைத் தங்கை கேட்பாள். 2018-ல் கட்டியது, அந்தக் கைகள் கல் இல்லை, ஃபைபர். ஆளுக்குச் சுமார் 3,000 ரூபாய் கொடுத்துக் கூட்டத்தில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். எனக்குப் பிடிக்காது, கூட்டிப்போனவர்களில் பாதிப்பேருக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

விசா ஆன்லைனிலேயே கிடைக்கும். ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தருகிறார்கள். அரசாங்கத் தளத்தில் மட்டும் போடுங்கள், அதே மாதிரி முகப்பு வைத்து மூன்று மடங்கு வாங்குகிற தளங்கள் நிறைய. பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரைத் தட்டுங்கள், இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் விரித்தே. 2023-ல் நானே ஒருவருக்குப் பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றித் தட்டிவிட்டேன், மீனம்பாக்கத்தில் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். அவருக்கு வேறு நாளில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த காசு என் பையிலிருந்து போனது. பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு ரூபாய்க்கு 300 டாங் போல வரும், ஆகவே எல்லா நோட்டிலும் சைபர் வரிசையாக நிற்கும். 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். அறுபத்தைந்து ரூபாய் கொடுப்பதாக நினைத்து ஆயிரத்து அறுநூறு கொடுத்துவிட்டு வருவார்கள். பெரிய நீல நோட்டை அப்பாவின் உள்பையில் தனியாக வைத்துவிடுங்கள்.

அந்த அப்பாவுக்காகவே ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். டா நாங், ஹோய் ஆன் கடற்கரையில் வட்டமாக ஒரு படகு பார்ப்பீர்கள், நம் ஒகேனக்கல் பரிசல் மாதிரி, ஆனால் கடலில் போகிறது. மூங்கில் பின்னி, இடுக்கை மாட்டுச்சாணமும் மரப்பிசினும் பூசி அடைத்தது, இப்போது ஃபைபரிலும் வருகிறது. பிரெஞ்சுக்காரன் படகுக்கு வரி போட்டதால் 'இது படகே இல்லை, கூடை' என்று சொல்லித் தப்பிக்கச் செய்தது என்று எல்லா கைடும் சொல்வான். நல்ல கதை, ஆனால் ஆதாரம் காட்டி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தென்னந்தோப்பு ஓடையில் பாட்டுப் போட்டுச் சுற்றிக் காட்டுகிற இடம் டூரிஸ்டுக்கானது, அதை விட்டுவிடுங்கள். விடிகிற முன்பே, ஐந்து மணிக்கெல்லாம் மணலில் இறங்கிவிட்டால், ராத்திரி போனவர்கள் அந்தக் கூடையில் நின்றபடியே ஒற்றைத் துடுப்பை முன்னால் ஆட்டி ஆட்டிக் கரைக்கு வருவதைப் பார்க்கலாம். பெண்கள் தராசோடு காத்திருப்பார்கள், பேரம் நம் ஏலக்களம் மாதிரியே காது கிழியும். அப்பா கிட்டே போய் மீனை அடையாளம் பார்ப்பார், விலை கேட்பார், கையாலேயே பேசிக்கொள்வார்கள். ஏழு மணிக்குப் போனால் படகெல்லாம் கவிழ்த்து வைத்திருக்கும், ஒன்றும் இருக்காது.